மூத்த பெட்டி முன்னுக்கு நிற்கட்டும்

போன திங்கட்கிழமை காலை, வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு முன்னால் பேசிக்கொண்டிருந்த என் மருமகள் ஜெபி, பாதி வாய் திறந்தபடி அப்படியே உறைந்துபோனாள்.

பயப்படாதீர்கள்... உறைந்தது அவள் முகம் மட்டும்தான், அதுவும் கம்ப்யூட்டர் திரையில். ஆனாலும் அந்த நேரத்தில் நான் பதறிப்போனது நிஜம். ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் வீடு பனச்சமூட்டுக்குப் பக்கம். நாங்கள் கேரளமா தமிழ்நாடா என்று எங்கள் கைபேசிக்கே இன்னும் சந்தேகம் தீரவில்லை. முன்னறையில் நின்றால் ஒரு மாநிலத்து டவர், அடுக்களைக்குப் போனால் அடுத்த மாநிலத்து டவர், நடுவில் சாப்பாட்டு அறையில் இரண்டுமே இல்லை. ஆகவே பிராட்பேண்டை விட்டால் கதியில்லை.

வீடாவது ஒழுங்காக இருக்கிறதா? அப்பா கட்டியது முன்பாகம். அண்ணன் மஸ்கட்டில் இருந்தபோது கட்டியது நடுப்பாகம். என் மகனின் கல்யாணத்துக்காக நான் கட்டியது பின்பாகம். அதற்கும் பின்னால் ரப்பர் ஷீட் காயப்போடும் ஷெட். எல்லாம் சேர்ந்து ரயில் மாதிரி நீண்டு கிடக்கிறது. முன்னறையில் உற்சாகமாகப் புறப்படும் வைஃபை, இத்தனை சுவரையும் தாண்டிப் பின்னறைக்கு வரும்போது மூச்சு வாங்கும்.

அந்தப் பின்னறைதான் ஜெபியின் ஆபீஸ். திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனி, வீட்டிலிருந்தே வேலை. புதிய புராஜெக்ட் ஒன்று வந்ததிலிருந்து நாள் முழுக்க வீடியோ மீட்டிங். "நெட் இப்படி விட்டு விட்டு வந்தால் தினமும் ஆபீசுக்கே வந்துவிடு" என்று மேலாளர் சொல்லிவிட்டார். இங்கிருந்து பஸ் பிடித்து, நெய்யாற்றின்கரை நெரிசலில் நின்று, தினமும் போய்வர முடியுமா? அவளும் மகனும் திருவனந்தபுரத்தில் வாடகை வீடு பார்க்கத் தொடங்கினார்கள்.

உடைத்துச் சொல்கிறேன்: எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஜெபி வந்த பிறகுதான் இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. அவள் போய்விட்டால் நானும் என் மனைவி லீலாவும் அண்ணனும்தான் மிச்சம். மூன்று பேரும் உட்கார்ந்து யார் முகத்தை யார் பார்ப்பது?

உடனே மகனை விரட்டி இரண்டு மெஷ் வைஃபை பெட்டிகளை வாங்கி வரச் சொன்னேன். மெஷ் என்றால் வேறொன்றுமில்லை. பெட்டிகள் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு, அறைக்கு அறை நெட்டைக் கடத்தும். ஒன்று முன்னறைக்கு, ஒன்று பின்னறைக்கு. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போதுதான் அண்ணன் வந்தார்.

அண்ணன் தங்கராஜ் எங்கள் வீட்டின் மூத்தவர். அண்ணி காலமான பிறகு எங்களோடுதான் இருக்கிறார். பெட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "எலே, இது மாதிரி ஒண்ணு எனக்க கையில உண்டு. மஸ்கட்டுல இருந்து கொண்டுவந்ததாக்கும். இதே கம்பெனி!" என்று உள்ளே போய், துவர்த்துத் துண்டில் பொதிந்து வைத்திருந்த ஒரு வெள்ளைப் பெட்டியை எடுத்து வந்தார்.

"கடைசில வச்சிடலாம் பெரியப்பா" என்றான் மகன்.

"கடைசிலயா? மூத்தது முன்னுக்கு நிக்கட்டும் மக்கா. புதுசுகள் பின்னால நிக்கட்டும்."

அவ்வளவுதான், தீர்ப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் எல்லாமே அப்படித்தான். கல்யாண போட்டோவில் நடுநாற்காலி அண்ணனுக்கு. கோழிக்கறியில் முதல் அகப்பை அண்ணனுக்கு. சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் பாட்டைத் தொடங்குவதும் அண்ணன்தான். அவர் ஒரு வரியை இழுத்தால் பனச்சமூட்டிலிருந்து வெள்ளறடைக்கு நடந்து போய்விடலாம். கூடப் பாடுகிறவர்கள் அவசரப்பட முடியுமா? அவர் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். கடைசியில் அவர் செய்யும் முடிவு ஜெபத்துக்குள் சோறு ஆறி, குழம்பில் ஆடை கட்டிவிடும்.

அதே கதைதான் வைஃபையிலும் நடந்தது. மஸ்கட் பெட்டி இணைய வயரோடு முன்னறையில் தலைமை ஏற்றது. புதுப் பெட்டிகள் இரண்டும் அதன் பின்னால் வால் பிடித்தன. தலைமைப் பெட்டி பழைய காலத்து வேகத்தில் நெட்டை உள்ளே விட்டால், பின்னால் நிற்பவை எத்தனை துடிப்பானவையாக இருந்தால் என்ன? கிடைத்ததைத்தானே கடத்த முடியும்! ஜெபியின் மீட்டிங் முன்பைவிட மோசமானது. வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் பேச்சு வந்துவிட்டது.

என் மூளை வேலை செய்தது. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சபைக் கமிட்டிக்குப் போன நேரம் பார்த்து, மகனை வைத்துப் பெட்டிகளை மாற்றினேன். இணைய வயர் இப்போது புதுப் பெட்டிக்கு. அதை ஷோகேசுக்குப் பின்னால் ஒளித்தாயிற்று. மஸ்கட் பெட்டிக்குக் கரண்ட் மட்டும். சும்மா உட்கார்ந்திருக்கும், விளக்கு எரியும், அவ்வளவுதான். பச்சையாக எரிய வேண்டிய விளக்கு மஞ்சளாக எரிந்து மானத்தை வாங்கியதால், லீலாவின் பிளாஸ்டிக் பூச்சாடியை முன்னால் வைத்து மறைத்தேன்.

"பெரிய மாமாகிட்ட சொல்லிட்டே செய்யலாமே மாமா?" என்றாள் ஜெபி.

"அண்ணன்கிட்டயா? நீ இந்த வீட்டுக்குப் புதுசு மக்கா" என்றேன்.

அன்றே நெட் குதிரை மாதிரி ஓடியது. ஷீட் ஷெட்டில் சாய்வுநாற்காலி போட்டு வீடியோ பார்க்கும் அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியளா, நம்ம பெட்டிக்க சாமர்த்தியத்த! மொதல்ல கொஞ்சம் சோம்பிச்சுது. இப்பம் பழகிப்போச்சு" என்றார். பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டி வந்து முன்னறையில் நிறுத்தி, பூச்சாடிக்கு மேலே எட்டிப் பார்க்க வைத்து, மஸ்கட் மகிமையை மலையாளத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை சொன்னார். நான் தலையாட்டினேன். லீலா வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்கு ஓடினாள்.

மறுநாள் திங்கட்கிழமை. ஜெபிக்கு முக்கியமான மீட்டிங். இது சொதப்பினால் ஆபீசுக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

அவள் பேசத் தொடங்கிய சற்று நேரத்தில், அண்ணன் தன் பெட்டியைத் துடைக்கத் துவர்த்தோடு முன்னறைக்கு வந்திருக்கிறார். பூச்சாடியை நகர்த்தியிருக்கிறார். மஞ்சள் விளக்கு! சொந்தப் பெட்டியின் நிறம் அவருக்குத் தெரியாதா? பின்பக்கம் பார்த்தால் வயர் இல்லை. தேடினார். ஷோகேசுக்குப் பின்னால் வேறொரு பெட்டியில் மாட்டியிருந்தது. வீட்டுக்கு உதவி செய்கிறோம் என்ற நினைப்பில், அதைப் பிடுங்கித் தன் பெட்டியில் செருகினார்.

பின்னறையில் ஜெபி உறைந்தாள்.

ஹெட்செட் கழுத்தில் தொங்க அவள் ஓடி வந்தபோது, அண்ணன் வெற்றிப் புன்னகையோடு நின்றார். "வயரு கழண்டு கிடந்துது மக்கா. நான் மாட்டிட்டேன். இனி பயப்படாண்டாம்!"

ஜெபி என்னைப் பார்த்தாள். நான் மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தேன்.

"வயரு தன்னால கழரல்ல, பெரிய மாமா. நாங்கதான் கழத்தினோம்" என்றாள்.

போச்சு என்று நினைத்தேன். இனி அண்ணன் தட்டைத் தள்ளிவிடுவார், பேச்சை நிறுத்துவார், குடும்பம் இரண்டாகும்...

"என்னத்துக்கு?" என்றார் அண்ணன்.

"உங்க பெட்டி நல்ல பெட்டி. ஆனா பழசு. முன்னால நின்னா எல்லாரும் அதுக்க வேகத்துலதான் போகணும். பின்னால வச்சா அதுக்கும் வேலை உண்டு, எங்களுக்கும் மீட்டிங் உண்டு."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "எலே... நீயும் இதுக்குக் கூட்டா?"

"கூட்டு இல்ல பெரிய மாமா" என்றாள் ஜெபி. "தலைவரே மாமாவாக்கும்!"

மருமகளுக்காக இவ்வளவு பாடுபட்டதற்கு எனக்குக் கிடைத்த பரிசைப் பாருங்கள்!

ஆனால் அண்ணன் சண்டைக்கு நிற்கவில்லை. "மீட்டிங்கு போயிட்டுதா மக்கா?" என்றுதான் கேட்டார். இல்லை, காத்திருக்கிறார்கள் என்றதும் தன் பெட்டியிலிருந்து வயரைத் தானே உருவி, "எந்த ஓட்டையில? இதுலயா?" என்று புதுப் பெட்டியில் செருகினார். எனக்கு மனசு என்னவோ செய்தது.

நெட் வந்தது. ஜெபி திரைக்கு முன்னால் உட்கார்ந்து, ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டு, "எங்கள் வீட்டுப் பெரியவர் வந்து சரிசெய்துவிட்டார்" என்றாள். கதவருகில் நின்ற அண்ணனுக்கு அது நன்றாகவே கேட்டது. மீட்டிங் நல்லபடியாக முடிந்தது. மேலாளர் ஆபீசுக்கு வரச் சொல்லவில்லை. மகன் வாடகை வீட்டுக்காரருக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

அதன் பிறகுதான் எனக்கு மண்டகப்படி. "நேத்தைக்கு வந்த பிள்ளைக்கு எனக்ககிட்ட சொல்ல தைரியம் உண்டு. கூடப் பெறந்த உனக்கு இல்ல. நான் என்ன புலியாலே?"

மூத்தவர்களுக்கு மனசு நோகும் என்று நாமே ஒரு கதை கட்டிக்கொள்கிறோம். அவர்கள் முன்னால் பூச்சாடி வைக்கிறோம். அதற்கு மரியாதை என்று பெயர் வேறு. நம் பயத்துக்கு எத்தனை நல்ல பெயர்!

மஸ்கட் பெட்டி இப்போது ஷெட்டுக்குப் போகும் வழியில், கடைசிப் பெட்டியாகப் பச்சை விளக்கோடு இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் ஒரே ஆள் அண்ணன்தான். "எனக்க வேகத்துக்கு இது தாராளம்" என்கிறார்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். அண்ணன் பாட்டுப் புத்தகத்தை ஜெபியிடம் நீட்டி, "நீ தொடங்கு மக்கா. நாங்க பின்னால வாறோம்" என்றார். அவள் தொடங்கிய வேகத்தில், இத்தனை வருஷத்தில் முதல்முறையாகக் குழம்பு சூடாக இருக்கும்போதே பாட்டு முடிந்தது. லீலா நம்ப முடியாமல் அடுக்களைப் பக்கம் பார்த்தாள்.

முடிவு ஜெபத்தை மட்டும் அண்ணன் விட்டுக்கொடுக்கவில்லை... குழம்பு ஆறித்தான் போனது — ஆறட்டுமே, சாப்பிட வீட்டில் ஆள் இருக்கிறதே!