அக்காவின் குரலுக்கு அடியில்

கோயிலில் பாட்டுப் பழகும்போது அக்காவின் குரல் வரியின் கடைசியில் இறங்கிப்போனது. பக்கத்தில் நின்ற அம்மா குரலை உயர்த்தவில்லை. அதுவரை பாடிய அதே கனத்தில் தொடர்ந்தார். வரி அறுபடவில்லை. பின்வரிசை வாங்கில் லாப்டொப்புடன் இருந்த எனக்கு அப்போதுதான் விளங்கியது: பதிவில் அக்காவின் குரலைக் கம்ப்ரெஸரால் பிடித்து நசுக்கத் தேவையில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு, நசுக்கிய பிரதி ஒன்றை அடியில் மெல்ல ஓடவிட்டால் போதும். பெயர்கூடத் தெரியும், பரலல் கம்ப்ரெஷன். பல்கலைக்கழக வளாகத்தில் படித்த காலத்தில் எத்தனையோ காணொளிகளில் பார்த்திருக்கிறேன். பார்த்ததெல்லாம் டிரம்ஸுக்கு.

கழுத்தில் தைரொயிட் சத்திரசிகிச்சை செய்த பிறகு அக்காவால் நடந்துகொண்டு பாட முடிவதில்லை. கொக்கிளாயில் எங்கள் கத்தோலிக்கக் கோயில் திருவிழாவன்று சொரூபம் வீதிக்கு வரும்போது முதல் பாட்டு எப்போதும் அவளுடையதுதான். இம்முறை அதைப் பதிவுசெய்து, லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் கட்டுகிற லவுட்ஸ்பீக்கரில் போடுவதாக முடிவானது. பாட்டுக்குப் பொறுப்பான ரீச்சர் நேராகவே சொன்னார்.

"இஞ்சின் சத்தத்துக்கும் கடல் காத்துக்கும் மேலாலை கடைசி வரி கேக்கவேணும் பிள்ளை. கேக்காட்டி பாட்டுக்குழுவிலை இருக்கிற மற்றப் பிள்ளையைத்தான் பாடவிடவேணும். கோவிக்காதைங்கோ."

அக்கா கோபிக்கவில்லை. வீட்டுக்கு வந்து மீன் வெட்டினாள். அன்றைய குழம்பில் சதையும் முள்ளும் கலந்து கிடந்தன.

பதிவுசெய்ததும் நான் முதலில் செய்தது அவசரக்காரியின் வேலை. கம்ப்ரெஸர் உரத்த இடங்களை அமுக்கும். பிறகு முழுவதையும் தூக்கினால் மெல்லிய இடங்களும் மேலே வரும். அதை அக்காவின் குரல் தடத்திலேயே போட்டு இறுக்கினேன். கடைசி வரி கணீரென்று கேட்டது.

"இது ஆர்?" என்றாள் அக்கா.

"நீதான்."

"நானோ? பஸ் ஸ்ராண்டிலை அறிவிக்கிற மனுசி மாதிரிக் கிடக்கு."

குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த அம்மா சொன்னார்: "வவுனியா, வவுனியா எண்டு கூப்பிடு பிள்ளை. ஆக்கள் ஏறுவினம்."

அதனால்தான் அந்தப் பழகலுக்கும் லாப்டொப்பைக் கொண்டுபோயிருந்தேன். திரும்பி வந்ததும் குரல் தடத்திலிருந்து புதிய தடம் ஒன்றுக்கு ஒலியை அனுப்பி, அங்கே கம்ப்ரெஸரைக் கண்மண் தெரியாமல் திருகினேன். அந்தத் தடத்தின் ஒலியளவை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு, மூலக்குரல் ஓட ஓடக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். கிணற்றுக்குள் நின்று பாடுவதுபோல் வந்தது. பிரதி ஒரு துளி பிந்தி ஒலித்துக்கொண்டிருந்தது. அந்தப் பிந்தலை ஈடுசெய்யும் வசதியை எப்போதோ நானே நிறுத்தி வைத்திருந்தேன். அதைப் போட்டதும் இரண்டும் ஒன்றாயின. அக்கா அக்காவாகவே இருந்தாள்; கடைசி வரியும் நின்றது. துள்ளிக்கொண்டு போய் ஹெட்போனை அவள் காதில் மாட்டினேன்.

முழுவதும் கேட்டாள். திரும்பவும் போடச் சொன்னாள்.

"வரிக்கு வரி இடையிலை ஒரு சத்தம். விசில் மாதிரி. அது என்ன?"

மெல்லியவற்றைத் தூக்கினால் பாட்டு மட்டும் மேலே வராது என்பதை மகிழ்ச்சியில் நான் மறந்துவிட்டேன்.

"நீ மூச்சு இழுக்கிறது, அக்கா."

"எனக்கு இப்பிடியோ வருது? பக்கத்திலை நிக்கிற ஆக்களுக்குக் கேக்குமோ?"

அவள் குசினிப் பக்கம் திரும்பினாள். "அம்மா, உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும் பிள்ளை," என்றார் அம்மா. சட்டியை இறக்கிவைத்துவிட்டு, "பெரிசா ஒண்டும் இல்லை," என்றார்.

அக்கா ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். "இதை ரீச்சருக்குக் குடுக்காதை. நான் இழுக்கிறதை லவுட்ஸ்பீக்கரிலை ஊருக்குக் காட்டவோ?"

அதன்பின் அவள் வேலை செய்யும்போது முணுமுணுப்பதும் நின்றுவிட்டது. அவளுடைய பாட்டைக் காப்பாற்றப் போய், அவளுக்குக் கேட்காமல் இருந்ததைக் காதுக்குள் வைத்துக் காட்டியவள் நான்தான். படுத்தாலும் அந்த விசில்தான் கேட்டது.

மூச்சுகளை எல்லாம் வெட்டிப் பார்த்தேன். உயிரில்லாத ஏதோ ஒன்று சொல்லை அடுக்குவதுபோல் இருந்தது, அழித்தேன். பிறகு மூலக்குரலைத் தொடாமல், அடியில் ஓடும் பிரதியில் மட்டும் மூச்சுகளை வெட்டி, அதன் மேல் அதிர்வெண்களையும் குறைத்தேன். விசில் தணிந்தது. சொல்லுக்குள் இருந்த கரகரப்பு முழுவதும் போகவில்லை.

எப்போது வந்தாளோ, அக்கா பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்குள்ளை எல்லாம் நல்லாத்தான் கேக்கும். வீதியிலை?"

"ஒருக்காப் போட்டுப் பாப்பமே?"

"நான் வரமாட்டன். நீ கேட்டுப்போட்டு வந்து சொல்லு. விசில் கேட்டா மற்றப் பிள்ளை பாடட்டும். எனக்காகப் பொய் சொல்லாதை."

ஓம் என்றேன்.

நாளை பின்னேரத்துக்கு லாண்ட்மாஸ்டரைக் கேட்டிருக்கிறேன். கோயில் வாசலில் இஞ்சினை ஓடவிட்டு, லவுட்ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டுவிட்டு, களப்புக் கரையில் வள்ளங்கள் கட்டியிருக்கிற இடத்தில் நின்று கேட்கப்போகிறேன். பிரதியை எனக்குப் பிடித்த அளவுக்கும் கீழே வைத்துத் தொடங்கி, ஒவ்வொரு முறையும் வாசலுக்கு வந்து ஒரு படி ஏற்றிவிட்டுத் திரும்பப் போய்க் கேட்பேன். கடைசி வரி முதலில் வந்து சேருமா, மூச்சு வந்து சேருமா தெரியாது. மூச்சு முந்தினால் அந்த இடத்தில் நிறுத்தி, வீட்டுக்கு வந்து அக்காவிடம் அதை அப்படியே சொல்லவேண்டும்.