எல்லாச் சாவுக்கும் போன மெம்பர்

சாமர் தீவின் கிழக்குக் கரையில் ஒருவர் கண்ணை மூடினால், பாதிரியாருக்குச் சொல்லியனுப்புவதற்கு முன்பே அன்செல்மோ தகுயானுக்குச் சேதி போய்விடும். பாதிரியார் தாமதமாக வரலாம். அன்செல்மோ தாமதமாக வந்ததாக யாரும் சொன்னதில்லை. மாகாண சபையில் ஆறாவது முறையாக உட்கார்ந்திருந்த மனிதர் அவர். ஊருக்கெல்லாம் 'மெம்பர்'.

பாசன அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர்தான். முதல் தேர்தலில் நின்றபோது கையில் இருந்தது ஓர் ஓட்டை மோட்டார் சைக்கிளும் ஓயாத வாயும். திநாகோ ஆற்றுக்குப் பாலம் வேண்டுமென்று சபையில் வருடக்கணக்காகக் கத்தினார். மற்ற உறுப்பினர்கள் அவர் எழுந்தாலே, "ஆறு வந்துடுச்சுப்பா" என்று சிரிப்பார்கள். கடைசியில் பாலம் வந்தது. ஆனால் திறப்பு விழாக் கல்வெட்டில் கவர்னர் பெயர் மட்டும்தான் இருந்தது. அதற்கும் மனிதர் போய்ப் பல்லைக் காட்டிக் கைதட்டிவிட்டு வந்தார். எனக்கென்றால் பற்றிக்கொண்டு வந்திருக்கும்.

அவர் கொண்டுவந்த தீர்மானங்களில் ஒன்றுகூட ஊர்க்காரர்களுக்கு ஞாபகமில்லை. "எங்கப்பா செத்தப்ப மெம்பர் வந்து எங்ககூட உக்காந்து சீட்டாடினாரு" என்பது மட்டும் ஞாபகமிருக்கும். சவத்துக்குப் பக்கத்தில் ராத்திரி கண்விழிக்கச் சீட்டாடுவது அங்கே வழக்கம். ஓட்டு விழுவது அதற்குத்தான். அது அவருக்கும் தெரியும். ஆனால் ஓட்டுக்காக மட்டும் போனார் என்று சொன்னால் அது அபாண்டம். செத்தவன் வீட்டில் அவர் கண் கலங்குவது நடிப்பில்லை.

மனைவி பெர்ப்பெத்துவா பள்ளிக்கூட ஆசிரியை. தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் ஒருவரே நிற்கக் கூடாது என்பது சட்டம். அதனால் இடையில் ஒரு முறை மனைவியை நிறுத்தி நாற்காலியைக் காத்துக்கொள்வது அங்கே எல்லாரும் செய்வதுதான். அன்செல்மோவும் செய்தார். அவள் வேலையை விட்டுவிட்டு மூன்று வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். திரும்பி வந்தபோது அவளுடைய வகுப்பில் வேறொருத்தி பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். அதைப் பற்றி அவள் யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. அவரும் கேட்டதில்லை.

பிறகு அவளுக்குச் சிறுநீரகம் பழுதானது. டாக்டர் கையை விரித்ததும், ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று பிடிவாதம் பிடித்தாள். அவளுடைய அண்ணன் மகள் லுடிவீனா வந்து கூட இருந்து பார்த்துக்கொண்டாள்.

அந்த வாரத்தில்தான் கினாபுத் கிராமத் தலைவர் கோர்கோனியோ இறந்துபோனார். அன்செல்மோ வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது பெர்ப்பெத்துவா கூப்பிட்டாள்.

"இன்னைக்கு ஒரு மத்தியானம் வீட்டுல இரேன், செல்மோ."

"கோர்கோனியோ சாவுக்கு நான் போகலைன்னா ஊரு என்ன சொல்லும்?"

"போகலைன்னு சொல்லும். வேற என்ன சொல்லிடும்?"

"ஒரு மணி நேரம்தான், பெத்தாங். போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது."

"ஆமா, தெரியாதுதான். நீ இருக்கறதே தெரியலையே" என்று சிரித்தாள். சிரிக்கும்போதே மூச்சு வாங்கியது.

அவர் குனிந்து நெற்றியில் முத்தமிட்டார். போயிருக்கவே கூடாது. போனார்.

சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அவர் பேசிக்கொண்டிருந்தபோது லுடிவீனாவிடமிருந்து போன் வந்தது. "மாமா, அத்தைக்கு ரொம்ப முடியலை. சீக்கிரம் வாங்க."

பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தார். டிரைவர் பெர்த்திங் ஜீப்பைப் பறக்கவிட்டான். பாலம் தாண்டியதும் அவர் அவன் தோளைத் தட்டினார்.

"பேக்கரியில நிறுத்து."

அந்த ஊர்ப்பக்கம் சாவு வீட்டிலிருந்து யாரும் நேராகத் தன் வீட்டுக்குப் போவதில்லை. வழியில் எங்காவது இறங்கி, எதையாவது வாயில் போட்டுச் சாவை உதறிவிட்டுத்தான் வாசல் மிதிக்க வேண்டும். இல்லாவிட்டால் அது கூடவே வந்துவிடும்.

"இன்னைக்கு வேணாம் மெம்பரே" என்றான் பெர்த்திங். "நேராப் போயிடலாம். சாமி மன்னிச்சுக்கும்."

"படுத்துக் கிடக்கிறவ பக்கத்துல சாவைக் கொண்டுபோய் உக்கார வைக்கச் சொல்றியா? நிறுத்துடா!"

சபையில் புள்ளிவிவரம் காட்டி வாதாடும் மனிதர்தான். ஆனால் இதை மீற அவருக்குத் துணிவில்லை. ஒரு ரொட்டியும் காப்பியும் வாங்கினார். இரண்டு நிமிடத்தில் கிளம்பியிருக்கலாம். ஆனால் மெம்பரைக் கண்டால் சும்மா விடுவார்களா? மீன் விற்கும் அசுன்சியோன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம் பேரன் கல்யாணத்துக்கு நீங்கதான் ஞானத்தந்தையா முன்னால நிக்கணும். ஒத்துக்காம இங்கேருந்து நகர விடமாட்டேன்."

அவர் ஒத்துக்கொண்டார். அடுத்து ஒருவன் மகளுக்கு வேலை கேட்டான். இன்னொருவன் பக்கத்து வயல்காரனோடு வரப்புத் தகராறு என்று ஆரம்பித்தான். எல்லாருக்கும் தலையாட்டினார். என் மனைவி சாகக் கிடக்கிறாள், வழிவிடுங்கள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பேசுகிறவனை நிறுத்தி அவருக்குப் பழக்கமில்லை. பெர்த்திங்தான் ஹாரனை அழுத்தி அழுத்திக் கடைசியில் இறங்கிவந்து இழுத்துப்போனான்.

லுடிவீனா வாசலிலேயே நின்றாள். அழுது முடித்த முகம்.

"இப்பத்தான் மாமா."

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "என்னைக் கேட்டாளா?" என்றார்.

"கேட்டாங்க." லுடிவீனா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "'நேரா வரமாட்டாரு, வழியில நின்னுதான் வருவாரு. எனக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதான் நிப்பாரு. வந்தா திட்டாதே'ன்னாங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

சவப்பெட்டியைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்த பிறகு, கிழக்குக் கரையே திரண்டு வந்தது. இத்தனை வருடம் அவர் போன வீடுகளிலிருந்தெல்லாம் வந்தார்கள். முற்றத்தில் கூடாரம் போட்டுச் சீட்டாடினார்கள். கவர்னர்கூட வந்து போனார். துக்க வீட்டுக்காரர்கள் வந்தவர்களை வழியனுப்பக் கூடாது, நன்றி சொல்லக் கூடாது. அன்செல்மோ அதை மறந்து, யார் கிளம்பினாலும் கையை நீட்டிக்கொண்டு எழுந்தார். ஒவ்வொரு முறையும் லுடிவீனா சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"உக்காருங்க மாமா. நீங்க எங்கயும் போக வேண்டியதில்லை."

அடக்கத்துக்கு முந்தின நாள் மத்தியானம், கூட்டம் சாப்பிடப் போயிருந்தபோது, நாற்காலியைச் சவப்பெட்டியின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பெட்டி மூடியில் பதித்த கண்ணாடி வழியே அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"வீட்டுலதான் இருக்கேன், பெத்தாங்" என்றார்.