சுப்பையாவின் பேச்சைச் சுமந்துகொண்டு போனக்காட்டுக்கு

திருவனந்தபுரத்துக்குப் பக்கத்து மலையில் இருக்கும் போனக்காட்டுக்கு எப்படிப் போவது என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டு எழுதியிருக்கிறார்கள். நான் போனது எழுபதுகளின் பிற்பகுதியில், இரண்டு முறை. இரண்டும் வேலை நிமித்தம். அப்போதைய நேரம், கட்டணம், தூரமெல்லாம் பழைய டைரியில் இருப்பதால் சரியாகவே தருகிறேன். ஆனால் பச்சை மலை, குளிர் காற்று, ஆவி பறக்கும் தேநீர் என்று இந்தக் கட்டுரை போகாது. அது முழுக்க ஒரு மனிதன்மேல் இருந்த பொறாமையோடு போன பயணம். அதை ஒளித்துவிட்டு மலையை மட்டும் எழுத எனக்குத் தெரியவில்லை.

அந்த மனிதன் சுப்பையா. திருவனந்தபுரத்தில் பல்கலைக்கழக விலங்கியல் துறையில் என்னோடு ஆராய்ச்சி செய்தவன். அவன் அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டி; பூர்வீகம் திருநெல்வேலி. நான் ஸ்ரீவராகத்து அக்ரஹாரம். என் ஆராய்ச்சி அட்டைகளைப் பற்றியது, அவனுடையது கொக்கிப்புழு. நான் இரண்டு வருஷம் காடு காடாக அலைந்து, சொந்த ரத்தத்தைக் கொடுத்து அட்டை பிடித்தேன். அவன் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தான். டாக்டர் பட்டம் இருவருக்கும் ஒரே நாளில் கிடைத்தது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் அப்போது ஒரு நல்ல திட்டம் இருந்தது. ஆராய்ச்சியில் கண்டதைச் சாதாரண ஜனங்களுக்குச் சொல்வதற்காக எங்களைப் பேச வைத்து டேப்பில் பதிவு செய்வார்கள். பிறகு ஓர் ஆள் அந்த டேப்பையும் பெட்டி போன்ற டேப் ரிக்கார்டரையும் தூக்கிக்கொண்டு ஊர்ப் படிப்பகங்களுக்கும் எஸ்டேட்டுகளுக்கும் போய்ப் போட்டுக் காட்டுவார். புது டேப் வாங்க அனுமதி கிடைப்பது குதிரைக் கொம்பு. அதனால் எந்தப் பேச்சு ஜனங்களுக்குப் பிடிக்கவில்லையோ அதை அழித்துவிட்டு, அதே டேப்பில் வேறொன்றைப் பதிவு செய்வார்கள். எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது என்பதை, கூடப் போனவர் எழுதித் தரும் கருத்துத் தாளைப் பார்த்துக் கமிட்டி முடிவு செய்யும்.

அந்த வருஷம் தமிழில் இரண்டு பேச்சுகள் இருந்தன. ஒன்று என்னுடையது, மற்றது சுப்பையாவுடையது. போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் தமிழர்கள் என்பதால் இரண்டையும் அங்கே அனுப்பினார்கள். மெஷினை இயக்கும் தங்கப்பனோடு போக, தமிழில் பேசவும் எழுதவும் தெரிந்த ஓர் ஆள் தேவைப்பட்டார். நான் முந்திக்கொண்டு பெயர் கொடுத்தேன். சுப்பையா என்னைச் சந்தேகப்படக்கூட இல்லை.

"நீயா போற? நல்லதாப் போச்சு. ஜனங்க என்ன சொல்லுதாங்கன்னு கேட்டுட்டு வா. குறை இருந்தா மாத்திப் பேசிரலாம்" என்றான்.

முதல் நாள் மாலை மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்து சோதித்துப் பார்த்தேன். என் மனைவி சீதா அரிசி களைந்துகொண்டே இரண்டு பேச்சையும் கேட்டாள். எப்படி இருக்கிறது என்று நான் கேட்டிருக்கவே கூடாது.

"அவர் நம்மகிட்டப் பேசறார்னா. நீங்க வாசிக்கறேள்."

அன்று சாப்பாட்டில் உப்பு இருந்ததா இல்லையா என்றுகூட எனக்கு நினைவில்லை.

மறுநாள் தம்பானூர் பஸ் நிலையத்திலிருந்து காலை 6.10 பஸ். நெடுமங்காடு பதினெட்டு கிலோமீட்டர், 6.55க்குப் போய்ச் சேர்ந்தோம். விதுரைக்கு 7.50. தம்பானூரிலிருந்து விதுரை வரை ஆளுக்கு இரண்டு ரூபாய் இருபது காசு. மெஷினுக்கு அரை டிக்கெட் போட வேண்டும் என்று கண்டக்டர் பிடிவாதம் பிடித்தார்.

"இது எந்தா சாரே, அம்மிக்கல்லா?"

"யூனிவர்சிட்டி பேச்சாணு" என்றார் தங்கப்பன்.

"பேச்சுக்கு இத்ர கனமா?"

பஸ்ஸே சிரித்தது. என் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறாரோ என்று எனக்குச் சுருக்கென்றது.

விதுரையில் ஆப்பமும் கடலைக் கறியும் நன்றாக இருந்தன. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றே முக்கால் ரூபாய். அங்கிருந்து போனக்காடு இருபத்திரண்டு கிலோமீட்டர். பஸ் இல்லாததால் எஸ்டேட் லாரியில் ஏறினோம். பாதை மோசம், ஒன்றரை மணி நேரம் ஆனது. தங்கப்பன் மெஷினை மடியில் வைத்துக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்தார். டேப்புகள் இருந்த பை என் மடியில். ஒவ்வொரு பள்ளத்திலும் சுப்பையாவின் டேப் விழுந்து தொலையக் கூடாதா என்று நினைத்தேன். மனதார நினைத்தேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஆள் கணக்கு எடுக்கும் கொட்டகையில் அறுபது எழுபது பேர் கூடியிருந்தார்கள், பாதிக்கு மேல் கொழுந்து பறிக்கும் பெண்கள். ஃபாக்டரியிலிருந்து கரண்ட் இழுத்துக் கொடுத்தார்கள். முதலில் என் பேச்சைப் போடச் சொன்னேன். 'அட்டைகளின் வாழ்வியல்: ஓர் அறிமுகம்', இருபது நிமிஷம். மூன்றாவது நிமிஷத்தில் குழந்தைகள் நழுவினார்கள். எட்டாவது நிமிஷத்தில் கங்காணி கொட்டாவி விட்டார். மற்றவர்கள் மரியாதைக்காக உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு முடிந்ததும், முன்வரிசையில் இருந்த பொன்னுத்தாய் என்ற நாற்பது வயதுப் பெண் எழுந்தார். அவர் எது கேட்டாலும் மற்றப் பெண்கள் தலையாட்டினார்கள்.

"அட்டையப் பத்தி எங்களுக்குத் தெரியாததா சார்? தெவசமும் கடி வாங்குதோம். வேணும்னா நாங்க சொல்லுதோம், நீங்க மெஷின்ல பிடிச்சிட்டுப் போங்க."

கேலியாகச் சொல்லவில்லை. உதவி செய்வதாகத்தான் சொன்னார். அதுதான் வலித்தது.

அடுத்து சுப்பையா. அவன் தலைப்பே வைக்கவில்லை. "அக்கா, அண்ணாச்சி, வணக்கம். உங்க வயித்துக்குள்ள ஒரு கூட்டம் வாடகை கொடுக்காமக் குடியிருக்கு, தெரியுமா?" என்று ஆரம்பித்தான். மண்டியில் அரிசி விற்பவன் வாடிக்கையாளரிடம் பேசுகிற பேச்சு. கொக்கிப்புழு வெறுங்கால் வழியாக எப்படி உடம்புக்குள் புகுகிறது, குடலில் தங்கி எப்படி ரத்தத்தைக் குடிக்கிறது, மலை ஏறினால் ஏன் மூச்சு வாங்குகிறது என்று வரிசையாகச் சொன்னான். பிறகு, "பக்கத்துல இருக்கவங்க கீழ் இமையைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்க. செவப்பா இருக்கா, வெளுத்திருக்கா? நான் பேசாம இருக்கேன், பாத்து முடிங்க" என்றான். டேப் பத்து விநாடி சும்மா ஓடியது.

அந்தப் பத்து விநாடியை முந்தின நாள் வீட்டில் கேட்டபோது டேப்புக்குப் பிடித்த கேடு என்றுதான் நினைத்தேன். இங்கே கொட்டகை முழுவதும் ஒருவர் முகத்தை ஒருவர் பிடித்துக்கொண்டு இமையை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. கங்காணி கண்ணைத் தங்கப்பன் பார்த்தார். யாரோ ஒரு பெண், "மேரிக்கு வெள்ளத் துணி மாதிரி இருக்கு" என்றாள். மேரிக்குப் பதினெட்டு வயதிருக்கும். அழ ஆரம்பித்தாள். பொன்னுத்தாய் அவளைத் தோளோடு இழுத்துக்கொண்டு, "பேசாம இரு, அவரு மருந்து சொல்லுவாரு" என்றார். அடுத்த வரியிலேயே சுப்பையா, அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை கிடைக்கும், செருப்புப் போடாமல் காலை வெளியே வைக்காதீர்கள் என்று சொன்னான்.

"ஒரு வட்டம் கூடப் போடுங்க சார்" என்று மறுமுறை போடச் சொன்னார்கள். போட்டோம். வேலை முடிந்து வந்த ஃபாக்டரி ஆட்களுக்காக மூன்றாவது முறையும் போட்டோம். கடைசியில் பொன்னுத்தாய் என்னிடம் வந்தார்.

"அடுத்த வட்டம் அந்த சாரையும் கூட்டிட்டு வாங்க, கேட்டோ."

இந்த மலையில் ஒரு நாளும் கால் வைக்காதவன். ஓர் அட்டைக் கடிகூட வாங்காதவன். அவனுக்கு இந்த வரவேற்பு. நான் நேரில் நின்றுகொண்டிருந்தேன், என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. வயிறு எரிந்தது என்று எழுதுவதில் எனக்கு இப்போது வெட்கமில்லை.

மாலை 3.30க்கு லாரி. ஐந்து மணிக்கு விதுரையில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து கருத்துத் தாளை நிரப்பினேன். என் பேச்சுக்கு, 'கவனமாகக் கேட்டனர். வைத்துக்கொள்ளலாம்.' சுப்பையாவின் பேச்சுக்கு, 'நடை கண்ணியக் குறைவு. நடுவில் வெற்றிடம். அழிக்கலாம்.' தங்கப்பனும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அவருக்குத் தமிழ் வாசிக்க வரும். வாசித்தார்.

"சாரே, ஆளுகள் மூணு வட்டம் கேட்டதல்லே?"

"மெஷினை வேடிக்கை பார்க்கத்தான் கூடினார்கள்" என்றேன்.

அவர் டீயைக் குடித்து முடித்தார். "ஞான் மெஷின் ஆளு. எழுத்து சாரோடது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு வாரத்தில் சுப்பையாவின் டேப்பை அழித்து, தென்னை உரத்தைப் பற்றி மலையாளத்தில் ஒரு பேச்சைப் பதிவு செய்தார்கள். கமிட்டி முடிவு என்று அவனிடம் சொன்னேன். அவன் கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "போனாப் போகுது, இன்னொண்ணு பேசினா ஆச்சு" என்றான். அந்தச் சுபாவத்தின் மேலும் எனக்குப் பொறாமை வந்தது. ஆனால் இன்னொன்று பேசுவதற்குள் அவன் வடக்கே ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை கிடைத்துப் போய்விட்டான்.

நான்கு மாதம் கழித்து எஸ்டேட் கங்காணியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பாதிப் பேர் செருப்பு வாங்கிவிட்டார்கள், மேரி என்ற பெண் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்து தேறிவிட்டாள், புதிதாக ஆட்கள் சேர்ந்திருக்கிறார்கள், அந்தப் பேச்சை மறுபடி கொண்டு வரவும் என்று எழுதியிருந்தார். துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். ஆள் இல்லை, டேப்பும் இல்லை, விஷயம் தெரிந்த தமிழ் ஆள் நீங்கள்தான், நீங்களே பேசிவிடுங்கள் என்றார். காலி டேப் எங்கே என்றேன். என் அட்டைப் பேச்சின் மேலேயே பதிவு செய்யலாம் என்றார். வேறு வழியில்லாமல் சரி என்றேன்.

எட்டுப் பக்கம் எழுதிக்கொண்டு பதிவு அறைக்குப் போனேன். மூன்று வரி வாசித்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தங்கப்பன் டேப்பை நிறுத்தினார். "கனம் கூடுதலாணு சாரே" என்றார். காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறந்தேன். "அக்கா, அண்ணாச்சி, வணக்கம்" என்றுதான் வந்தது. வாடகை கொடுக்காத கூட்டம் வந்தது. கீழ் இமை வந்தது. கொட்டகையில் மூன்று முறை கேட்டது முழுக்க எனக்குள் உட்கார்ந்திருந்தது. நிறுத்த முடியவில்லை, நிறுத்த ஆசைப்படவும் இல்லை. பத்து விநாடி பேசாமல் இருக்க வேண்டிய இடத்தில் நானும் பேசாமல் இருந்தேன். தங்கப்பன் சுருளை ஓடவிட்டார்.

இரண்டாவது பயணத்தில் பஸ் கட்டணம் பத்துக் காசு ஏறியிருந்தது. மற்றபடி அதே லாரி, அதே கொட்டகை. வாசலில் வரிசையாகச் செருப்புகள் கிடந்தன. பேச்சு ஓடியது, புது ஆட்கள் இமையை இழுத்துப் பார்த்தார்கள், கூட்டம் ஒரு வட்டம் கூடக் கேட்டது. எல்லாம் முடிந்த பிறகு பொன்னுத்தாய் வந்தார்.

"அந்த சார் பேசினது அப்படியேல்லா இருக்கு. குரலுதான் வேற. அவரு எங்க?"

"வடக்கே வேலை கிடைச்சுப் போயிட்டார்."

"அப்ப அந்த டேப்பு?"

"அழிஞ்சு போச்சு" என்றேன். அழித்தேன் என்று வாயில் வரவில்லை.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்களாவது ஒரு வார்த்த விடாம ஓர்மையில வச்சிருந்தீங்களே. கூட்டுக்காரன் மேல எவ்வளவு பிரியம் இருந்தா அது நடக்கும். நல்ல மனசு சார் உங்களுக்கு."

லாரி ஹாரன் அடித்ததால் தப்பித்தேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். தம்பானூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். மழைக்காலத்தில் விதுரைக்கு மேலே பாதை எப்படி இருக்கிறது என்று விதுரையிலேயே கேட்டுக்கொண்டு போங்கள். வனத்துறைச் சோதனைச் சாவடியில் அனுமதி உண்டா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். எஸ்டேட் இப்போது பழையபடி இல்லை, கட்டடங்கள் பாழாகிக் கிடப்பதாகக் கேள்வி. அங்கே ஒரு பேய் பங்களா இருப்பதாக இப்போது பேச்சு; அதைத் தேடிப் போகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அட்டைக்கு உப்பைத் துணியில் முடிந்து எடுத்துப் போங்கள். கடித்தால் பிய்க்காதீர்கள், உப்பைத் தொட்டு வையுங்கள், விழுந்துவிடும். இந்த விஷயத்தில் நான் டாக்டர் பட்டம் வாங்கியவன், நம்பலாம்.

அந்தப் பேச்சு என் பெயரில் பல வருஷம் ஓடியது. நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வரை தமிழ் புழங்கும் இடங்களிலெல்லாம் போட்டார்கள். சாலைக் கடைத்தெருவில் முன்பின் தெரியாதவர்கள்கூட நிறுத்தி, "உங்க பேச்சு பிரமாதம் சார்" என்பார்கள். நன்றி என்பேன். நான் உத்தியோகத்தில் இருந்த காலத்தில் ஜனங்கள் பாராட்டிய பேச்சு அது ஒன்றுதான். பாராட்டு முழுவதும் எனக்குத்தான் வந்தது, சுப்பையாவுக்கு ஒரு துளிகூடப் போகவில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் எனக்கு அவன்மேல்தான் பொறாமையாக இருந்தது.