ஓலையில் வாசித்த பெயர்

வில்பிரட்டுக்கு முப்பத்தாறு வயதில் எல்லாமே அலுத்துப்போயிருந்தது. பீச் ஸ்டேஷன் பக்கத்துக் கம்பெனி, நசுக்கி எடுக்கும் மின்சார ரயில், பல்லாவரம் வீட்டுச் சாம்பார், எல்லாம்தான். அலுக்காமல் மிஞ்சியது டெலிபோன் லைனில் மோடம் கீச்சிடும் சத்தம் ஒன்றே.

"அந்தப் பொட்டிகிட்ட அப்படி என்னடா பேசுற? எப்பப் பாரு போன் என்கேஜ்டுன்னு சித்தி திட்டுறா" என்பாள் அம்மா யூனிஸ்.

"ஆபீஸ் வேலைம்மா."

ஆபீஸ் வேலையாவது, மண்ணாவது. அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் 'மலை' இருந்தான். திருநீர்மலைப் பக்கம் வீடு என்பதால் சாட் ரூமில் அப்படிப் பெயர் வைத்துக்கொண்டவன். தன்னைப் போலவே ஆண்களை விரும்பும் ஆண் ஒருவன் பஸ் போகும் தூரத்தில் இருப்பான் என்று வில்பிரட் அதுவரை நினைத்ததே இல்லை. இருவரும் இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டினார்கள். தொட முடியாததை எல்லாம் காது சூடாகும்வரை எழுதிக்கொண்டார்கள். மலைக்கு இடது தோளில், சட்டைக்குள், ஒரு மச்சம் உண்டு என்பது வில்பிரட்டுக்குத் தெரியும். நிஜப் பெயரும் முகமும் தெரியாது. அதைக் கேட்பதில்லை என்பது இருவரும் செய்துகொண்ட ஏற்பாடு. வெளியே தெரிந்தால் குடும்ப மானம் சந்தி சிரிக்குமே.

தொண்ணூற்றொன்பது ஜனவரியில் ஒரு சாயங்காலம் மலை தட்டினான்: "எனக்குக் கல்யாணம் வெச்சுட்டாங்க. இனிமே வர மாட்டேன். தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து சர்ச்ல ஞாயித்துக்கிழமை மூணாவது, கடைசித் தடவையா என் கல்யாண ஓலை வாசிக்கிறாங்க. வந்து என் பேரையாவது கேட்டுட்டுப் போ."

வில்பிரட் பதில் தட்டுவதற்குள் யூனிஸ் ஹாலில் போனை எடுத்துவிட்டாள். லைன் அறுந்தது. அதற்குப் பிறகு மலை வரவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த சர்ச்சின் கடைசி பெஞ்சில் வில்பிரட் உட்கார்ந்திருந்தான். ஈஸ்டருக்கு முன் வரும் லெந்து நோன்பு நாட்களில் கல்யாணம் கிடையாது, அதற்குள் முடிக்க ஊரே அவசரப்படும், ஒரே நாளில் பல ஓலை வரும் என்பது, பிறந்ததிலிருந்து சர்ச்சுக்குப் போகும் இந்த இரண்டு மடையர்களுக்கும் தோன்றவில்லை. சபைப் போதகரான ஐயர் மூன்று கல்யாண அறிவிப்பு ஓலைகள் வாசித்தார்; மூன்றுமே கடைசித் தடவை. மாப்பிள்ளைகள் சுந்தர்சிங், தேவானந்தம், யேசுதாசன். ஒவ்வொன்றுக்கும் அதே கேள்வி: இந்த விவாகத்துக்குத் தடை அறிந்தவர்கள் யாராவது உண்டா?

வில்பிரட்டுக்குத் தடை தெரியும். யாருடைய கல்யாணத்துக்கு என்றுதான் தெரியாது.

ஆராதனை முடிந்து மாப்பிள்ளைகள் வாசலில் நின்றார்கள். மூவருமே பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை. ஒவ்வொருவரிடமும் போய், "வாழ்த்துகள் பிரதர்" என்று கைகொடுத்தான். மூவரும் "தேங்க்ஸ் பிரதர்" என்றார்கள். 'மலை' என்று ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்திருக்கலாம். சொன்னால் மூவரில் மலை யாரோ அவன் முகம் மாறும், பக்கத்தில் நிற்கிற அவனுடைய அம்மா அதைப் பார்த்துவிடுவாள். வில்பிரட் வாயை மூடிக்கொண்டு ரயிலேறினான்.

"எங்கடா போய்ட்ட? நம்ம சர்ச்சுக்கு வரலையே" என்றாள் யூனிஸ்.

"ஒரு ஃப்ரெண்டுக்குத் தாம்பரத்துல ஓலை வாசிச்சாங்கம்மா."

"சொல்லவே இல்லையே! அந்தத் தம்பி பேரு என்ன?"

வில்பிரட் வாயைத் திறந்தான். அழுகைதான் வந்தது.