கொடியின் பின்பக்கம்

இடக்கைப் பெருவிரல் துணியை மேசையோடு அழுத்திப் பிடித்திருந்தது. வலக்கை ஊசிமுனையைப் பொன்னூலின் அடியில் நுழைத்து, ஒரு தையலைத் தூக்கி, அறுத்து, அடுத்ததற்குப் போனது. நூல் எழுபது வருடம் பழையது. இழுத்தால் பொடியாகிவிடும், ஆகவே கைகள் இழுக்கவில்லை. பழைய கொடியிலிருந்து ஒவ்வொரு இலக்கத்தையும் முழுதாகக் கழற்றி, வெள்ளைத் தாளின்மேல் முன்பிருந்த வரிசையிலேயே வைத்தன. முன்பக்கத்தில் ஒரு புனிதரின் உருவமும் 1847 என்ற ஆண்டும் இருந்தன. பின்பக்கத்தில் 6000 என்ற எண் மட்டும்.

கைகள் அக்னெசுடையவை. மன்னாரில் பிறந்து, மொன்றியலில் முப்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தவர். அதில் இருபத்திரண்டு வருடத்தை ஒரு தையல் தொழிற்சாலையில் ஆண்களின் காற்சட்டைப் பொக்கற்றுகளுக்குக் கொடுத்தார். பொக்கற்று மட்டும்தான், முழுக் காற்சட்டையை அவரிடம் யாரும் நம்பிக் கொடுத்ததில்லை. தொழிற்சாலை மூடப்பட்டபின் லாசாலிலுள்ள தன் வீட்டு முன்னறையில் மெஷினைப் போட்டார். புனிதர்களின் சுருவங்களுக்கு உடை, முதல் நன்மை வாங்கும் பிள்ளைகளுக்குச் சட்டை, சங்கங்களுக்குப் பதாகை. வேலைக்குக் குறைவில்லை. நம்முடைய சங்கங்கள் இரண்டாகப் பிரியும் வேகத்தைப் பார்த்தால் இனியும் குறையாது.

மே மாதத்தில் நினைவுகூரப்படும் இரண்டு கூட்டத்தின் சாவையும் அவர் தைக்க நேர்ந்தது. ஒன்று நம்முடையது. மற்றது ஐரிஷ்காரருடையது.

ஐரிஷ்காரர் இந்நகரில் தங்கள் சரித்திரத்தை வருடத்தில் இருமுறை நினைக்கிறார்கள். மார்ச் மாதத்தில் பெரிய ஊர்வலம். அன்றைக்குப் பச்சைத் தொப்பி போட்டவனெல்லாம் ஐரிஷ்காரன். சில கடைகளில் பியரும் பச்சை. மத்தியானத்துக்குள் பாதித் தொப்பிகள் சேறாகிப்போன பனியில் கிடக்கும். மே மாதக் கடைசியில் இன்னொரு நடை உண்டு. அதற்குத் தொப்பிக்காரர் வருவதில்லை. ஒரு கத்தோலிக்கக் கோயிலிலிருந்து விக்டோரியா பாலத்தடியிலுள்ள கறுத்த பாறை வரைக்கும் கொஞ்சப்பேர் நடப்பார்கள். 1847இல் பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறி வந்தவர்கள், கப்பலிலேயே காய்ச்சல் பிடித்து, இங்கே ஆற்றங்கரைக் கொட்டகைகளில் செத்து, அந்த இடத்திலேயே புதைக்கப்பட்டார்கள். ஆறாயிரம் பேர் என்று பாறையில் வெட்டியிருக்கிறது. பின்னர் பாலம் கட்ட வந்த தொழிலாளிகள்தான் ஆற்றிலிருந்து எடுத்த அந்தப் பாறையை அங்கே நிறுத்தினார்கள். கனவான்கள் அல்ல, கல்லும் மண்ணும் சுமந்தவர்கள்.

அக்னெசின் மகள் றொஷினி வேலைக்காக ஆற்றின் அக்கரையிலுள்ள லொங்கேய்க்குப் போகும்போது ஆறு வருடமாக அந்தப் பாறையைத் தாண்டித்தான் பாலத்தில் ஏறுகிறாள். அது என்னவென்று தாய் கேட்டபோது, சாலை போட்டவர்கள் அகற்ற மறந்த கல் என்று நினைத்ததாகச் சொன்னாள்.

கொடி வேலையைக் கொண்டுவந்தவர் மிசிஸ் ஹானிகன். புவாண்ட்-கிளேரில் இருப்பவர், நடைக்குப் போகும் சிறிய குழுவொன்றின் தலைவி. முதல் நாள் நன்றாகத்தான் கதைத்தார். பழைய பட்டு வெடித்துவிட்டது, புதிய பச்சை வெல்வெட்டில் அப்படியே மாற்றித் தர வேண்டும் என்றார். தன் கொள்ளுப் பாட்டனாரின் தகப்பன் கப்பலில் வந்து பிழைத்தவர் என்றும், அவருடைய முதல் மனைவி அந்தப் பாறைக்கடியில்தான் இருக்கிறாள் என்றும் சொல்லிக் கண்ணைத் துடைத்தார். றொஷினி அதைத் தமிழில் சொல்ல, அக்னெஸ் அன்றே பழைய கொடியைப் பிரிக்கத் தொடங்கினார்.

இரண்டு கிழமையில் மின்னஞ்சல் வந்தது. குழு கூடிப் பேசியதாம். ஒரு மதுக்கடை அன்றைய பஸ்ஸுக்கும் சாண்ட்விச்சுக்கும் பொறுப்பேற்கிறதாம். ஆகவே கொடியின் பின்பக்கத்தில் அந்தக் கடையின் பெயரும் அதன் அடையாளமான மூன்று பீப்பாய்களும் வர வேண்டும். எண் தேவையில்லை. அது எல்லோருக்கும் தெரியும். மேலும் சிறுபிள்ளைகள் வருகிற இடத்தில் அது மனதைப் பாரமாக்கும். பின்பக்கம் ஏன் என்றால், நடப்பவர்கள் வழி முழுக்கப் பார்த்துக்கொண்டு போவது அதைத்தானாம்.

இதைக் குழு சரியாகக் கண்டுபிடித்திருந்தது. கொடியின் முன்பக்கம் கமராவுக்கு. செத்தவர்களுக்காக நடக்கிறவன் பார்ப்பது பின்பக்கத்தை.

அக்னெசுக்கு அது முன்பே தெரியும். இரண்டு வருடத்துக்கு முன், நம்முடைய மே மாத நினைவு நாளுக்குப் பதாகை தைக்கச் சொல்லி பத்திநாதர் வந்தார். கோயில் சபையிலும் சங்கத்திலும் பெரியவர். சங்கத்தின் பெயர் இரண்டடி உயரத்தில் வர வேண்டும், 'நினைவு நாள்' என்பது கீழே ஆறு அங்குலத்தில் போதும் என்றார். அக்னெசின் தம்பி ஜெறோம் 2009இல், போரின் கடைசி மாதங்களில், மாத்தளனில் செத்தவன். எத்தனை பேர் செத்தார்கள் என்பதையாவது போடலாமே என்று அக்னெஸ் கேட்டார்.

"எண்ணிக்கையில பிரச்சினை இருக்குத் தங்கச்சி. மற்றச் சங்கம் ஒரு கணக்குச் சொல்லுது, நாங்கள் ஒண்டு சொல்லுறம். பேந்து பாப்பம்" என்றார் பத்திநாதர்.

அக்னெஸ் சொன்னபடி தைத்துக் கொடுத்தார். நினைவு நாளன்று பதாகைக்குப் பின்னால் மெழுகுதிரியோடு இரண்டு மணித்தியாலம் நின்றார். முன்னால் பத்திநாதர் படமெடுத்துக்கொண்டிருந்தார். தம்பிக்காக வந்த அக்னெசின் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது தான் தைத்த வெறும் வெள்ளை உள்துணி. செத்தவனைத் தன் கையாலேயே துடைத்தழித்துவிட்டதுபோல் இருந்தது என்று பிறகு றொஷினியிடம் சொன்னார். இனி ஒருக்காலும் அப்படியொன்றைத் தைப்பதில்லை என்றும் சொன்னார்.

இப்போது அதே வேலை, பச்சை வெல்வெட்டில்.

கணவர் எமிலியானுஸ் பண்டசாலையில் பெட்டி ஏற்றுகிறவர், சிக்கல் விரும்பாதவர். மின்னஞ்சலை மகள் வாசிக்கக் கேட்டுவிட்டு, "கேட்டதைத் தைச்சுக் குடுமன். உமக்கென்ன, அது எங்கட சாவே?" என்றார்.

"எங்கட சாவைத் தைக்கேக்கையும் நீங்கள் இதைத்தானே சொன்னனீங்கள், உமக்கென்னவெண்டு" என்றார் அக்னெஸ்.

எமிலியானுஸ் தேத்தண்ணிக் கோப்பையோடு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

முடியாது என்று எழுதிவிடட்டுமா என்று றொஷினி கேட்டாள். வேண்டாம் என்றார் அக்னெஸ். தான் மறுத்தால் குழு ஒரு அச்சுக் கடைக்குப் போகும். அச்சுக் கடைக்காரன் மத்தியானத்துக்குள் பீப்பாய்களைப் பிளாஸ்டிக்கில் அடித்துக் கொடுத்துவிடுவான். கழற்றிவைத்த ஆறும் மூன்று பூச்சியங்களும் ஒரு பைக்குள் போய், பை ஹானிகன் வீட்டு நிலவறைக்குப் போகும். அதோடு முடிந்தது.

மன்னாரில் தன் ஊர்க் கோயில் வழக்கம் அவருக்கு நினைவு வந்தது. திருநாளுக்கு முந்திய ஒன்பது நாள் நவநாளில் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் பொறுப்பு. அந்தக் குடும்பத்தின் பெயரைத் துண்டுச் சீலையில் எழுதிக் கொடியின் ஓரத்தில் நூலோடி விடுவார்கள். நூலோடுவது என்றால் நிரந்தரத் தையலல்ல. துணியைத் தற்காலிகமாகப் பிடிக்கும் நீண்ட தையல். பூசை முடிய ஒரே இழுவையில் கழற்றி, அடுத்த நாள் அடுத்த பெயர். ஒன்பது பெயர் வந்துபோகும். கொடி கொடியாகவே இருக்கும். கொடுத்தவனின் பெயரைக் கொடியோடு சேர்த்துத் தைத்தால் பங்குச் சுவாமியார் விடமாட்டார்.

அக்னெஸ் முதலில் பழைய 6000ஐப் புதிய வெல்வெட்டின் பின்பக்கத்தில் வைத்துத் தைத்தார். ஒரு அங்குலத்துக்குப் பதினாறு தையல். நான்கு நாள் எடுத்தது. பிறகு அதே வெல்வெட்டில் வேறொரு துண்டு வெட்டி, அதில் கடையின் பெயரையும் மூன்று பீப்பாய்களையும் குறையில்லாமல் தைத்தார். பீப்பாயின் இரும்பு வளையங்களைக்கூட வெள்ளி நூலில் போட்டார். வேலையில் பழிவாங்குகிற ஆளல்ல அவர். அந்தத் துண்டை எண்ணின்மேல் விரித்து, சுற்றிவரச் சிவப்பு நூலால் நூலோடினார். நுனியை ஒரு சாண் வெளியே தொங்கவிட்டார்.

நடைக்கு இரண்டு நாள் முன்னர், பின்னேரம், மிசிஸ் ஹானிகன் வந்தார். முன்பக்கத்தைப் பார்த்து மூன்று படம் எடுத்தார். திருப்பிப் போட்டதும் பீப்பாய்களைப் பார்த்து, கடைக்காரருக்கு மிகவும் பிடிக்கும் என்றார். பிறகு சிவப்பு நூலைக் கண்டு, வெட்ட மறந்துவிட்டீர்களா என்று சிரித்தபடி கேட்டார்.

அக்னெஸ் துண்டின் ஒரு மூலையை விரலால் தூக்கிக் காட்டினார். உள்ளே பொன்னூலில் ஒரு பூச்சியம் தெரிந்தது. ஹானிகனின் சிரிப்பு நின்றது.

"கேட்டது எல்லாம் இருக்கெண்டு சொல்லு பிள்ளை. பாறையடி வரைக்கும் கடைக்காரரின்ர பேர் வரட்டும். பாறையடியில நிண்டு இந்த நூலை இழுக்கச் சொல்லு" என்றார் அக்னெஸ்.

றொஷினி அதை ஆங்கிலத்தில் சொன்னாள். கடைக்கு வாக்குக் கொடுத்தாயிற்று என்றார் ஹானிகன். யாரும் இழுக்காவிட்டால் என்ன என்றும் கேட்டார்.

"பாலத்தடிக் காத்து இழுக்கும்" என்றார் அக்னெஸ்.

வேறொருவரிடம் கொடுத்து அந்தத் துண்டை இறுக்கமாகத் தைத்துக்கொள்ளலாம்தானே என்று ஹானிகன் மெல்லக் கேட்டார். மிரட்டலாக அல்ல; வழி தேடுகிறவராக.

"தைக்கலாம். கீழ என்ன கிடக்கெண்டு பாத்திட்டுத் தைக்கட்டும்" என்றார் அக்னெஸ். பிறகு, முதல் நாளிலிருந்து மனதில் கிடந்த ஒன்றைக் கேட்கச் சொன்னார். "அந்தப் பாறைக்குக் கீழ இருக்கிற மனிசிக்கு என்ன பேர்?"

றொஷினி தயங்கித்தான் கேட்டாள். மேரியாக இருக்கலாம், பிரிஜிட்டாக இருக்கலாம், வீட்டில் யாரும் எழுதி வைக்கவில்லை என்றார் ஹானிகன். இந்தமுறை கண்ணைத் துடைக்கவில்லை.

அக்னெஸ் கொடியை நீளவாக்கில் மூன்றாக மடித்து, வெள்ளைத் தாளில் சுற்றி, நூல் நுனி தாளுக்கு வெளியே தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டு கைகளிலும் ஏந்தி நீட்டினார். மிசிஸ் ஹானிகன் தோளிலிருந்த பையை நிலத்தில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டார்.