நாற்பது வரை எண்ணத் தெரிந்தவள்

ஏழு வருடங்களுக்கு முன், மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். வயது நாற்பத்தொன்று. தினமும் காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி. அல்சர் என்று நானே முடிவு செய்து மூன்று மாதம் மாத்திரை விழுங்கினேன். ஒருநாள் தெற்கு மாட வீதியில் நடக்கும்போது, நேராகப் போக நினைத்தும் கால் இடது பக்கமே இழுத்தது. நின்றிருந்த ஆட்டோவில் மோதினேன்.

"இன்னா சார், காலங்காத்தாலயே சரக்கா?" என்றார் ஆட்டோக்காரர். கூசிப்போனேன். விஷயத்தைக் கேட்ட மனைவி அன்றே என்னை நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

ஸ்கேனில் சிறுமூளையில் கட்டி தெரிந்தது. ஆபரேஷன் செய்து எடுத்துப் பரிசோதித்ததில் புற்றுநோய்.

"இது பெரும்பாலும் குழந்தைங்களுக்கு வர்றது சார். உங்க வயசுல ரொம்ப அபூர்வம்" என்றார் டாக்டர்.

அடுத்து ஆறு வாரம் தலைக்கும் முதுகுத்தண்டுக்கும் கதிர்வீச்சு, அடையாறு பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில். முதல் நாள், என் முக அளவுக்குச் செய்த வலை முகமூடியை மாட்டி, தலை அசையாமலிருக்க மேஜையோடு சேர்த்து இறுக்கினார்கள். மூச்சு முட்டியது. கையைத் தூக்கிக் கழற்றச் சொல்லி, வெளியே ஓடிவந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்குப் போய்விடுவது என்றே தீர்மானித்தேன்.

பக்கத்தில் ஓர் ஆறு வயதுச் சிறுமி, மொட்டைத் தலையோடு. நொச்சிக்குப்பத்து மீனவரின் மகள். அவளுக்கும் இதே நோய்தான்.

"மாமா, பயந்துக்கினியா?"

பொய் சொல்ல வரவில்லை. "ஆமாம்மா."

"கண்ண மூடிக்கினு எண்ணு. எனக்கு நாப்பது வரிக்கும்தான் தெரியும். அது முட்ஞ்சதும் மறுபடி ஒண்ணுலேர்ந்து எண்ணுவேன். அதுக்குள்ள வுட்ருவாங்க."

மறுபடி உள்ளே போய்ப் படுத்தேன். எம்.எஸ்ஸி. கணக்குப் படித்தவன், நாற்பதைத் தாண்டாமல் திரும்பத் திரும்ப எண்ணினேன். விட்டுவிட்டார்கள்.

அதன்பின் தினமும் காலையில் அந்த பெஞ்சில் அவளுக்கு நாற்பத்தொன்றிலிருந்து சொல்லிக் கொடுத்தேன். அறுபத்தொன்பதுக்கு அடுத்து எண்பதுக்குத் தாவிவிடுவாள். நான் முறைத்தால் சிரிப்பாள். அவள் அப்பா ஃபிளாஸ்க் மூடியில் எனக்கு டீ ஊற்றித் தருவார். உடம்பு அவ்வளவு படுத்திய நாட்கள்தான். ஆனாலும் அந்தக் காலைகளை நினைத்தால் இன்றும் ஏக்கமாக இருக்கிறது. நூறைத் தொட்ட வாரத்தில் அவளுடைய சிகிச்சை முடிந்தது. அப்புறம் பார்க்கவே இல்லை.

போன மாதம் குப்பத்துப் பக்கம் மீன் வாங்கப் போனேன். "சார்! நல்லா கீறீங்களா?" என்று ஒருவர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். அவளுடைய அப்பா! பின்னால் பள்ளிச் சீருடையில், வயதுக்குக் கொஞ்சம் குள்ளமாக, மெல்லிய இரட்டைச் சடையோடு அவள். ஏழாவது படிக்கிறாளாம்.

"சார ஞாபகம் வச்சிக்கினு கீறியா?" என்றார் அப்பா.

அவள் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, வெட்கத்தோடு தலையாட்டினாள். "இல்லப்பா."

அவருக்குத்தான் சங்கடம். எனக்கோ சந்தோஷம். அந்த நோயின் பயம் மனதில் தங்காமல் வளர்ந்திருக்கிறாள். அந்த நாட்களை எங்கள் இருவருக்குமாகச் சேர்த்து நான் ஒருவன் ஞாபகம் வைத்திருந்தால் போதும்.