லோங்காங் ஓரத்து வெந்தயக்கீரை

என் வாய்க்கு வீட்டில் எல்லோரும் பயப்படுவார்கள். மலேசியாவில் ரப்பர் தோட்டத்தை விட்டுக் குனோங் ராபாட்டில் வரிசை வீடு ஒன்றுக்குக் குடிவந்த பிறகும் என் சத்தம் குறையவில்லை. என் வீட்டுக்காரர் பக்கத்து ஈப்போ டவுனில் பஸ் ஓட்டினார். அத்தனை பெரிய பஸ்ஸை வளைத்துத் திருப்புகிற மனுஷன், நான் குரலை உயர்த்தினால் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார். அதை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. டிரைவர்களுக்கு நடந்த பரிசோதனையில் அவர் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் அதிகம் என்று வந்தது. அந்தச் சொல்லையே அன்றுதான் கேள்விப்பட்டேன். டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், அதிர்ந்து பேசாதவர். எண்ணெய் சொட்டும் ரொட்டி சானாயையும் ஆட்டுக்கறியையும் குறைக்கச் சொன்னார். வெந்தயம் ஊறவைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டேன். கொடுக்கலாம் என்றார். அதன் கொழகொழப்பு குடலில் பித்தநீரைப் பிடித்து வெளியே கொண்டுபோய்விடுமாம். புதுப் பித்தநீர் செய்ய ஈரல் ரத்தத்திலிருக்கும் கொழுப்பை எடுத்துக்கொள்ளுமாம். முதலில் வாயு சேரும், வயிறு இளகும், இரண்டு வாரத்தில் பழகிவிடும் என்றார். வயிறு இளகும் என்பது என் காதில் நன்றாக விழுந்தது. இரண்டு வாரம் என்பது விழவில்லை.

தோட்டத்தில் எங்களை வளர்த்ததே பேதி மருந்துதான். பள்ளி விடுமுறை விட்டால் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் விளக்கெண்ணெய். எத்தனை தடவை போனாய் என்று அம்மா கேட்பார். நிறையப் போனால் மருந்து நன்றாக வேலை செய்திருக்கிறது, உள்ளே இருந்த கெட்டதெல்லாம் கழிந்துவிட்டது. இதைத்தான் நான் வைத்தியம் என்று நம்பி வளர்ந்தேன்.

இரண்டு கரண்டி வெந்தயத்தை ஊறவைத்து, காலையில் விதையும் தண்ணீருமாகக் கிளாஸை அடுப்படி ஜன்னலில் வைத்துவிட்டு நான் குளிக்கப் போவேன். திரும்பி வந்தால் கிளாஸ் காலியாக இருக்கும். மூன்றாம் மாதம் வயிறு சரியில்லை என்றார். மருந்து வேலை செய்கிறது, பேசாமல் குடியுங்கள் என்றேன். அடுத்த மாதமும் அதையே சொன்னார். நானும் அதையே சொன்னேன். கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. ஊளைச்சதை கரைகிறது என்று சந்தோஷமாக நானே தையல் மெஷினில் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். மறுபடி ரத்தம் எடுத்தபோது கொலஸ்ட்ரால் நன்றாக இறங்கியிருந்தது. அந்த வரிசையில் ஒரு வீடு விடாமல் போய்ச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு நின்றார்.

அந்தச் சமயத்தில்தான் வீட்டுக்குப் பின்னால், கழிவுநீர் ஓடும் லோங்காங் ஓரத்து மண்ணில் வெந்தயக்கீரை முளைத்திருந்தது. கழுவும்போது சிந்திய விதையாக இருக்கும் என்று நினைத்தேன். பறித்துப் பருப்போடு கடைந்து வைத்தேன். நல்லா இருக்கு, இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

எட்டாம் மாதம் ஒரு நாள், வலி தாங்காமல் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங்கிலேயே கவிழ்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பெருங்குடலில் கட்டி என்றார்கள். ஈரல் வரைக்கும் பரவியிருந்தது. மலத்தில் ரத்தம் போனதை மாதக்கணக்கில் மறைத்திருக்கிறார். நான் கொடுத்த வெந்தயம்தான் இப்படிச் செய்ததா என்று அங்கிருந்த டாக்டரிடம் கேட்டேன். வெந்தயத்தால் இது வராது, கொலஸ்ட்ரால் இறங்கியதற்கே இந்த நோய்கூடக் காரணமாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டர் போன பிறகு என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார்.

“நான் அத குடிக்கல லா. ஒரு வாரம் குடிச்சேன், கசப்பு தாங்கல. அப்புறம் தெனமும் ஜன்னல் வழியா ஊத்திட்டேன்.”

எனக்கு விளங்க நேரம் பிடித்தது. மருந்தே குடிக்காத வயிற்றைப் பார்த்துத்தான் மருந்து வேலை செய்கிறது என்று இத்தனை மாதம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

“அப்ப வயிறு ஏன் போவுதுன்னு டாக்டர்கிட்ட போயிருக்கலாம்ல?”

“போனா ஊத்துனத சொல்லணும். நீ சத்தம் போடுவ.”

சொல்லிவிட்டு, நான் சத்தம் போடுவேன் என்றே காத்திருந்தார். போர்வையை இழுத்து அவர் காலை மூடினேன். அடுத்த பத்து வாரமும் நான் குரலை உயர்த்தவில்லை. அதோடு அவர் கண்ணை மூடிவிட்டார்.

காரியமெல்லாம் முடிந்து பின்கதவைத் திறந்தேன். கீரை மறுபடி வளர்ந்து, சரியாகக் கிளாஸ் வைத்த அந்த ஜன்னலுக்குக் கீழே ஒரு பாத்தி அளவுக்கு அடர்ந்து நின்றது. சிந்திய விதை அவ்வளவு முளைக்காது. முதல் தடவை பறித்தபோதும் அது அப்படித்தான் இருந்தது. குனிந்து, கை நிறையப் பறித்தேனே, அப்போதே கண்ணில் பட்டிருக்க வேண்டும். எதற்கெல்லாமோ கத்தினவள், இது எப்படி இங்கே முளைத்தது என்று அன்றைக்கு ஒரு சத்தம் போட்டிருக்கலாம்.